காதைத் தொட்டால்

சென்ற வாரம் தம்பானூர்ப் பக்கம் ஒரு மண்டபத்தில் நாடகம் பார்க்கப் பேரன் கூட்டிக்கொண்டு போனான். பேச்சு முழுவதையும் முன்கூட்டியே பதிவு செய்து ஓடவிட்டார்கள். மேடையில் இருந்தவர்கள் வாயசைத்தார்கள், அவ்வளவுதான். நடுவில் ஒரு பெண் ஜிமிக்கியைச் சரிசெய்யக் காதைத் தொட்டாள். என் கை சட்டென்று சட்டைப் பைக்குள் போய் டார்ச்சைத் தேடியது. "என்ன தாத்தா, மாத்திரையா?" என்றான். "ஆமாம்" என்றேன். அவனிடம் எப்படிச் சொல்வது? உங்களிடம் சொல்கிறேன்.

அப்போது நான் சர்க்கார் ஆபீசில் குமாஸ்தா. சாயங்காலமானால், ஆரியசாலைக் கடைத்தெருத் தமிழர்கள் சேர்ந்து போட்ட நாடகங்களுக்குப் பிராம்ப்டர். அதாவது, படுதா ஓரம் காகிதக் கட்டும் டார்ச்சுமாக நின்று, மறந்தவர்களுக்கு வசனம் எடுத்துக்கொடுப்பவன். நடிக்கும் ஆசையில்தான் போனேன், மறைப்பானேன்! எல்லாவற்றையும் நடத்திய மொத்த வியாபாரி அண்ணாச்சி என்னை ஒரு பக்க வசனம் பேசச்சொல்லிக் கேட்டார். "ரகசியம் பேசுறதுக்குன்னே படைச்ச தொண்டைல்லா வே ஒமக்கு! படுதாவுக்குப் பின்னாலயே நில்லும், கேட்டீரா?" என்றார்.

ஒத்திகை அவருடைய மிளகாய்க் கிடங்கில். இன்றைக்கும் வற்றல் நெடி மூக்கில் ஏறினால் எனக்குத் தும்மலுக்கு முன்னால் வசனம்தான் வரும். சோகக் காட்சியில் அழ யாருக்கும் சிரமமே இருந்ததில்லை. காதல் காட்சியிலும் அழுதார்கள், அதுதான் கஷ்டம்.

பிராம்ப்டருக்கு ஒரு சங்கடம் உண்டு. நடிகர் பேசாமல் நின்றால், மறந்து நிற்கிறாரா, உருகி நிற்கிறாரா என்று தெரியாது. ஒருமுறை கதாநாயகன் கண்ணை மூடி உருகிக்கொண்டிருந்தபோது அவசரப்பட்டு எடுத்துக்கொடுத்துவிட்டேன். "தெரியும் வே!" என்று மேடையிலிருந்தே கத்தினார். சபை கைதட்டியது. அதன் பிறகுதான் அண்ணாச்சி சட்டம் போட்டார்: மறந்தவர் காதைத் தொடவேண்டும், தொட்டால் மட்டும் நான் வாய் திறக்கலாம்.

எல்லோரும் தொட்டார்கள். சிலர் காதிலிருந்து கையை எடுக்கவே இல்லை. பகவதி டீச்சர் மட்டும் தொட்டதே கிடையாது. நாகர்கோவில் பக்கத்துக் குடும்பம். அப்பாவின் உத்தியோகத்துக்காக இங்கே வந்தவர்கள். அதுவரை மீசையை மழித்துப் புடவை கட்டிய ஆண்களையே பார்த்துவந்த எங்களுக்கு அவள் வந்ததே பெரிய காரியம். மூன்று வருஷம், ஐந்து நாடகம், ஒரு வார்த்தை பிசகியதில்லை. ஒரே ஒரு தடவை மறக்கட்டும் என்று பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய்கூட உடைத்தேன். ஆமாம், எனக்கு அவளை அவ்வளவு பிடித்திருந்தது. எங்கள் தெருவும் அவர்கள் வீடும் சம்பந்தம் பேசுகிற இடமில்லை, அதனால் வாயைத் திறக்கவில்லை. அது பாதி உண்மை. மீதி பயம்.

பிறகு எல்லை பிரித்தார்கள். நாஞ்சில் நாடு சென்னை ராஜ்யத்தோடு போயிற்று, எங்கள் ஊர் மலையாளப் பக்கமே நின்றது. டீச்சரின் அப்பா சொந்த ஊருக்கே மாற்றல் வாங்கிவிட்டார். அவர்கள் கிளம்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாடகம். அதில் கதாநாயகனிடம் அவள் சொல்லவேண்டிய வரி ஒன்று உண்டு: "போகாதே என்று ஒருவர் சொன்னால் போதும், நான் நின்றுவிடுவேன்."

அந்த இடம் வந்தது. டீச்சர் பேசாமல் நின்றாள். பிறகு மெல்லக் கையைத் தூக்கிக் காதைத் தொட்டாள்.

காகிதத்தைப் பார்க்கவேண்டிய அவசியமே எனக்கு இல்லை, வரி மனப்பாடம். அவளையே பார்த்துக்கொண்டு நின்றேன். எதிர்ப் படுதாவிலிருந்து அண்ணாச்சி, "சொல்லும் வே, சொல்லும்!" என்று கையை வீசினார். கடைசியில் அவளே சொன்னாள், கதாநாயகனைப் பார்க்காமல், என் பக்கம் திரும்பி.

வேஷம் கலைத்துவிட்டு வந்தவளிடம், "மறந்துபோச்சா டீச்சர்?" என்று கேட்டேன்.

"எனக்கா? மறக்கல்ல சார். நீங்க எடுத்துக் குடுப்பீங்கன்னு நெனச்சேன்."

"நன்னா இருந்தது டீச்சர்" என்றேன். பாருங்கள், அதைத்தான் சொன்னேன்!

கிடங்கு இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. அண்ணாச்சி போய்ச் சேர்ந்து நெடுநாளாயிற்று. படுதா ஓரத்தில் நிற்க ஆளே வேண்டாம் என்றாகிவிட்டது. மேடையில் யாருக்கும் எதுவும் மறப்பதில்லை. பேரனிடம் மாத்திரை என்று சொல்லிச் சமாளித்துவிட்டேனே தவிர, அந்தப் பெண் காதைத் தொட்டபோது என் வாய் தானாக முணுமுணுத்தது: "போகாதே."