வெள்ளைச் சங்குப்பூ விரியக் காத்திருந்த காலை

எங்கள் வீட்டு வேலியில் நீலச் சங்குப்பூவோடு வெள்ளைச் சங்குப்பூக் கொடி ஒன்றும் படர்ந்திருக்கிறது. தேவனூர் நாட்டில் நீலம் எங்கும் உண்டு. வெள்ளை, எனக்குத் தெரிந்து, எங்கள் வேலியில்தான். அதைத் தேடித்தான் மலைக்குக் கீழே ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி செய்யும் பெண் ஜீப்பில் ஒரு கேனோடு வந்தாள்.

கேனைத் திறந்தால் வெள்ளைப் புகை வழிந்து தரையில் தவழும். மலையில் மேகம் இறங்குவதும் அப்படித்தான்.

"புகையில்லீங்க அண்ணா. காத்தைக் குளிர வச்சுத் தண்ணியா ஆக்கியிருக்காங்க" என்றாள்.

காற்றைத் தண்ணீராக்கிக் கேனில் கொண்டுவரலாம் என்பது எனக்குக் கனவில் கேட்ட சேதி போலிருந்தது. நான் ஐந்தாவதோடு நின்றவன். கேட்கவும் கூச்சம். கேள்விகளை என் மனைவிதான் கேட்பாள்.

"ஏங்கண்ணு, பூவுல என்னத்தைத் தேடறே?"

"நிறத்தைங்க அக்கா. ஃப்ளேவனாய்டுன்னு ஒரு பொருள். பூவுக்கு நிறம் குடுக்கும், மருந்துக்கும் ஆகும். அதைச் செய்யற என்சைம்கள் செடிக்குள்ள இருக்கு, சமையல்காரங்க மாதிரி. ஒருத்தர் செஞ்சு தர்றதை அடுத்தவர் வாங்கி மேல செய்வார். அவங்களை உண்டாக்கற ஜீன்கள் குடும்பம் குடும்பமா இருக்கும். ஒரே மூத்தவர்கிட்ட இருந்து பிரிஞ்சு வந்தது."

"பங்காளிங்கன்னு சொல்லு."

"அதேதாங்க அக்கா! ஒருத்தர் பூவுல வேலை செய்வார், ஒருத்தர் வேர்ல. சிலர் சும்மாவே இருப்பாங்க."

"எங்கூட்டுப் பங்காளிகளைப் பார்த்துட்டு வந்தா சொல்றே?" என்று மனைவி என் பக்கம் கண்ணைக் காட்டினாள். நான் கொடியையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

வெள்ளைப் பூவில் யாரோ ஒரு பங்காளி வேலைக்கு வரவில்லை. யார் என்று கண்டுபிடிப்பதுதான் அவள் படிப்பு. எந்தப் பங்காளி வேலை செய்கிறார் என்று பூவுக்குள் இருக்கும் சேதி, பறித்த கையோடு அழியத் தொடங்கிவிடுமாம். அதனால் விரியும்போதே பறித்து அந்தக் குளிரில் போட்டு உறைய வைக்க வேண்டும். நீலப் பூக்களை அன்றே முடித்துவிட்டாள். மறுநாள் விரிய இருந்த வெள்ளை மொட்டுகளுக்குச் சிவப்பு நூல் கட்டி அடையாளம் வைத்தாள். கேனில் இருப்பது தானே ஆவியாகிக்கொண்டிருக்கும்; மறுநாள் பொழுதைத் தாண்டாது. கல்லூரியில் இன்னொரு முறை கேன் தரமாட்டார்கள். படிப்பையும் அந்த வருடமே முடித்தாக வேண்டும்.

விடிந்தபோது மேகம் வாசல்வரை வந்து நின்றது. இரவு எங்கள் வீட்டிலேயே தங்கி வேலிக்குப் போன பெண் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். நூல் கட்டிய மொட்டுகளில் எல்லாம் மஞ்சள் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

எங்கள் வீட்டில் மருந்துக்குச் செடி எடுப்பதென்றால் முதலில் காப்பு நூல் கட்டுவோம், மஞ்சள் தண்ணீர் தெளிப்போம், அப்புறம்தான் பறிப்போம்.

"நூலைக் கட்டுன புள்ள தண்ணி தெளிக்க மறந்துட்டாளேன்னு நாந்தான் சாமி தெளிச்சேன்" என்றாள் மனைவி. சொம்பு இன்னும் கையில் இருந்தது.

"மஞ்சள்லயும் இதுக்கு ஒறவான பொருள் இருக்குங்க அக்கா. எது பூவோடது, எது நீங்க தெளிச்சதுன்னு பிரிக்க முடியாது. ஒரு பூவாவது சுத்தமாக் கிடைச்சிருந்தா…"

குரலில் கோபம் இல்லை. அதனால்தான் மனைவிக்கு அழுகை வந்துவிட்டது.

நான் அண்ணாந்து பார்த்தேன். வெள்ளைக் கொடியின் ஒரு நுனி மிளகுக் கொடியோடு சேர்ந்து சில்வர் ஓக் மரத்தில் ஏறியிருந்தது. அதன் முனையில், சொம்புத் தண்ணீர் எட்டாத உயரத்தில், அன்று விரியும் பருவத்தில் ஒரு மொட்டு. மிளகு பறிக்கும் மூங்கில் ஏணியைக் கொண்டுவந்து மரத்தில் சாத்தினேன். அந்தப் பெண் எழுந்துவிட்டாள்.

என் கையில் உறை மாட்டி ஒரு இடுக்கியைக் கொடுத்தாள். கேனில் இருந்து கொஞ்சத்தைச் சின்ன பிளாஸ்க்கில் ஊற்றிக்கொண்டு எனக்குப் பின்னாலேயே ஏறினாள். மனைவி ஏணியைப் பிடித்துக்கொண்டாள்.

மேலே போனதும் வீடு இல்லை, வேலி இல்லை, ஏணியின் அடிக்கட்டையும் இல்லை. எல்லாம் மேகம். எங்கோ ஒரு பஸ் ஹாரன் அடித்தது. அது மேலேயிருந்து வருகிறதா கீழேயிருந்தா என்று தெரியவில்லை. பிளாஸ்க்கின் புகையும் மேகமும் என் மூச்சும் ஒன்றாகக் கலந்தன. மொட்டு மேல் மூச்சு படாமல் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அது குளிரில் சுருட்டிக்கொண்டு தூங்கியது. பிறந்ததிலிருந்து இந்தப் பூவைப் பார்க்கிறேன்; ஒரு பூ விரிவதை நின்று பார்த்ததில்லை. மேகம் லேசாகி எங்கோ வெயில் வந்தது. மடிப்பில் ஒரு கோடு தெரிந்தது. பிறகு கோடு அகலமாகியிருந்தது. கண்ணை எடுக்காமல்தான் இருந்தேன். ஆனாலும் அது அசைந்ததை நான் பார்க்கவேயில்லை. விரிந்திருந்தது, அவ்வளவுதான்.

"இப்போங்க அண்ணா."

காம்பைக் கிள்ளி பிளாஸ்க்கில் விட்டேன். சுர்ரென்றது. பூ கண்ணாடியாகிவிட்டது.

கேனின் அடியில் மிச்சமிருந்த குளிரில் அதை இறக்கி மூடினாள். ஜீப் மலையடிவாரத்துப் பேளுக்குறிச்சிப் பக்கம் இறங்கிப் போனது. வளைவுகளில் கேன் வற்றிவிடுமோ என்று மனைவி அன்று முழுவதும் அடுப்பு மூட்டவில்லை. விளக்கு வைக்கும் நேரத்தில் போன் அடித்தது. எடுக்கப் பயந்து என்னிடம் நீட்டினாள். நான் அவளிடமே தள்ளினேன்.

"உறைஞ்சபடியே வந்து சேந்துருச்சுங்க அக்கா."

மனைவி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். பிறகு, "சாமி, அந்தப் பூவுக்குக் குளுராதா?" என்று கேட்டாள்.

"குளிராதுங்க அக்கா. அது இன்னும் விரிஞ்ச அந்தக் காலையிலயேதான் இருக்கு."

போனை வைத்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சோறாக்கப் போனாள்.