காப்பு கைமாறிய பங்குனி

அம்மனின் அன்பர்களுக்கு வணக்கம். கூட்டத்தில் எழுந்து பேசும் துணிவு எனக்கு இல்லை. ஆனால் அவள் செய்ததைச் சொல்லாமல் இருப்பதும் முறையில்லை. எனவே எழுதித் தருகிறேன்.

என் அக்கா மாரீஸ்வரியும் அவள் கணவரும் ஒரே நாளில் எங்களை விட்டுப் போனார்கள். மழையில் அவர்கள் சென்ற பைக் மீது லாரி மோதியது. அவர்களுடைய ஒரே மகள் ஆதிரா அன்று பெரியப்பா வீட்டில் இருந்தாள். அப்போது அவளுக்கு நான்கு வயது.

எங்கள் ஊர் தாயில்பட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. அப்பாவும் அம்மாவும் பட்டாசு ஆலையில் வேலை பார்த்தார்கள். நான் விருதுநகரில் தமிழ் இலக்கியம் படிக்கிறேன். அத்தான் கேரளத்தில் புனலூர்ப் பக்கம் பிறந்தவர். சிவகாசியில் ஓர் அச்சகத்தில் வேலைக்கு வந்த இடத்தில் அக்காவை விரும்பி மணந்தார்; பிறகு சொந்த ஊருக்கே அழைத்துக்கொண்டு போனார்.

காரியம் முடிந்ததும் ஆதிராவை எங்களுடன் அனுப்பும்படி அம்மா கேட்டாள். பெரியப்பா ராஜன் மறுத்துவிட்டார். தம்பியின் நினைவாக மிஞ்சியிருப்பது இந்தக் குழந்தை ஒன்றுதான், வெடிமருந்து புழங்கும் வீட்டில் அதை வளர விட மாட்டேன் என்றார். அவர் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுபவர். கெட்டவர் அல்லர். அதனால்தான் எங்களுக்கு வழி தெரியவில்லை.

விருதுநகரில் ஒரு வழக்கறிஞரைப் பார்த்தோம். "பிள்ளை எங்க இருக்கோ, அந்த ஊர்க் கோர்ட்லதான் மனுப் போடணும். இங்கன போட்டா நிக்காது" என்றார். அப்படியே புனலூரில் ஒரு வழக்கறிஞரை அமர்த்தி, அங்குள்ள குடும்ப நீதிமன்றத்தில், பாட்டி தாத்தாவைப் பாதுகாவலராக நியமிக்க வேண்டும் என்று மனுச் செய்தோம். நோட்டீஸ் போனதும் ராஜன் எங்கள் அழைப்புகளை எடுப்பதை நிறுத்திவிட்டார். நெடுநாள் கழித்து ஒருமுறை ஆதிராவே போனை எடுத்தாள். அம்மா பேசினாள். யார் என்று குழந்தை மலையாளத்தில் கேட்டது. அம்மா போனை என் கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அன்று அவள் சாப்பிடவில்லை.

வழக்குக்கான வேலை எல்லாவற்றையும் நான் ஏற்றுக்கொண்டேன். மலையாளம் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றேன். நீதிமன்ற ஆலோசகர் முன்னிலையில் இரு குடும்பமும் உட்கார்ந்து பேசும் நாளில் எங்கள் தரப்பை நானே பேசுவது என்று முடிவாயிற்று. என்ன சொல்ல வேண்டும், எந்த வரிசையில் சொல்ல வேண்டும் என்பதை எழுதி மனப்பாடம் செய்தேன். ஆலை வேலையை விட அம்மா ஒத்துக்கொண்டிருந்தாள். அப்பாவிடம் மட்டும் ஒன்று கேட்டேன். அவரும் அந்த வேலையை விட்டுவிட்டால் எதிர்த்தரப்பில் சொல்ல ஒன்றும் இருக்காதே என்றேன்.

"ஏத்தா, விட்டுட்டு? எனக்கு வேற என்ன தெரியும்? மளிகைக் கடையில போயி பொட்டலம் மடிக்கவா?" என்றார் அப்பா. பிறகும் பலமுறை கேட்டுப் பார்த்தேன்; அவர் இறங்கி வரவில்லை.

எங்கள் ஊர் அம்மன் கோவிலில் பங்குனிப் பொங்கல் வந்தது. பேத்தி வீடு வந்து சேர வேண்டும் என்று அம்மா அக்கினிச்சட்டி எடுப்பதாக நேர்ந்து, கையில் காப்புக் கயிறு கட்டிக்கொண்டாள். எங்கள் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். காப்புக் கட்டியவர் நேர்ச்சை முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்டி இரவு தங்கக் கூடாது. கட்டிய மறுநாள் புனலூரிலிருந்து எங்கள் வழக்கறிஞர் அழைத்தார். பேச்சுவார்த்தைக்கு நாள் குறித்துவிட்டார்கள். அது சட்டி எடுக்கும் நாள். நீதிமன்றத்தின் கோடை விடுமுறைக்கு முன்னால் வேறு நாள் இல்லை. மனுச் செய்த பாட்டியும் தாத்தாவும் நேரில் வராமல் போனால் குழந்தையின் பள்ளிச் சேர்க்கையும் அங்கேயே முடிந்துவிடும், பிறகு அவளைப் பெயர்ப்பது கடினம் என்றார்.

பேத்திக்காகக் கட்டிய காப்பே பேத்தியிடம் போக விடாமல் அம்மாவைத் தடுத்தது. 

பூசாரியிடம் வழி கேட்க மூவரும் கோவிலுக்குப் போனோம். பொங்கல் வைக்க இடம் பிடித்துக்கொண்டிருந்த பெண்களுக்கு அதற்குள் செய்தி எட்டியிருந்தது.

"காப்போட எல்லை தாண்டுனா ஆத்தா சும்மா விடுவாளா? நல்லா ரோசிச்சுச் செய்யி மதினி" என்றாள் ஒருத்தி.

"எனக்காகவா கட்டுனேன்? அந்தப் பிள்ளைக்காகத்தான கட்டுனேன்" என்றாள் அம்மா. குரல் உடைந்துவிட்டது.

பூசாரி வேப்பிலையை ஆய்ந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். "அழாதீக. நேர்ச்சைதான் நிக்கக் கூடாது. உங்க ரத்தத்துல ஒருத்தர் ஏத்துக்கிட்டா, ஆத்தா முன்னால அவுத்து அவுக கையில கட்டிவிடுதேன். யாரு எடுப்பாக?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"இவளா? சட்டிய எறக்கி வச்சுட்டு வேப்பமரத்தடியில புஸ்தகம் படிக்க உக்காந்துருவா" என்றாள் அதே பெண். எல்லோரும் சிரித்தார்கள். அம்மாகூடச் சிரித்துவிட்டாள்.

நான் எடுத்துக்கொண்டால் ஊரைவிட்டு நகர முடியாது. பேச வேண்டியவளே நான்தான். அம்மாவும் அப்பாவும் மொழி தெரியாத ஊரில் தனியாக நிற்பார்கள். அந்த நிமிடம் எனக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது. அம்மன் முகத்தைப் பார்த்தேன். கையை நீட்டினேன். மஞ்சள் கயிறு அம்மாவின் மணிக்கட்டிலிருந்து என் மணிக்கட்டுக்கு வந்தது.

அம்மாவும் அப்பாவும் சிவகாசியில் ரயில் ஏறப் புறப்பட்டார்கள். கிளம்பும் முன் எழுதி வைத்ததை அம்மாவுக்குச் சொல்லிக் கொடுக்க முயன்றேன். பாதியிலேயே நிறுத்திவிட்டாள். "எனக்கு இது வாயில நிக்காதுடி" என்றாள்.

சட்டி எடுக்கும் நாள் காலையில் மஞ்சள் சேலை உடுத்தி வரிசையில் நின்றேன். கைகளில் வேப்பிலையை அணையாக விரித்து, அதன்மேல் நெருப்புச் சட்டியை வைத்தார்கள். "ஆகோ அய்யாகோ" என்று தெரு முழுவதும் முழங்கியது. கூட்டத்தில் ஓரமாக நடந்தே பழகியவள் நான். அன்று நடுத்தெருவில் நெருப்பை ஏந்தி நடந்தேன். நீண்ட வேண்டுதல் எதுவும் மனத்தில் வரவில்லை. ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டேன். தாயே, நான் இருக்க வேண்டிய இடத்தில் இன்று நீ இரு.

அங்கே நடந்ததை அம்மாவும் அப்பாவும் பிறகு சொன்னார்கள். ஆலோசகருக்குத் தமிழ் நன்றாகத் தெரிந்திருந்தது. எல்லையோர ஊர் அல்லவா. உங்களுக்குக் குழந்தை ஏன் வேண்டும், சொல்லுங்கள் என்றார். அம்மா அவருக்குப் பதில் சொல்லாமல், எதிரே இருந்த ராஜனின் மனைவி ஷைலஜாவைப் பார்த்துப் பேசியிருக்கிறாள்.

"தாயி, இம்புட்டு நாளா எம்பேத்திக்குத் தலை சீவி, சோறூட்டி வச்சிருக்கீக. அதுக்கு ஒரு வார்த்தை நாங்க சொல்லல. கேஸ்தான் போட்டோம். நீங்க நல்லா இருக்கணும்."

ஷைலஜா அழுதுவிட்டாராம். வழக்கு தொடங்கியதிலிருந்து அவரிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை. தனக்கும் இரண்டு சிறு பிள்ளைகள், விடியுமுன் கணவர் தோட்டத்துக்குப் போய்விடுகிறார், ஆதிராவோ ராத்திரியில் அம்மாவைக் கேட்கிறாள், தன்னால் தனியே முடியவில்லை என்று அவர் கணவர் காதுபடவே ஆலோசகரிடம் சொன்னார்.  ராஜன் அப்பாவிடம் ஒன்றே ஒன்று கேட்டார். அந்தப் பட்டாசு ஆலை வேலை?

"விட்டுருதேன்" என்றார் அப்பா.

அம்மாவே திரும்பிப் பார்த்தாளாம். நான் அத்தனை முறை கேட்டும் வராத சொல் அது.

கோவிலில் சட்டியை இறக்கி வைத்துவிட்டுப் போனைப் பார்த்தேன். அம்மா அழைத்திருந்தாள். திரும்ப அழைத்ததும், "பிள்ளை நம்மகூட வருதுடி" என்றாள். 

உடனே கையோடு கூட்டி வந்துவிடவில்லை. குழந்தை பழகட்டும் என்று அம்மாவும் அப்பாவும் அங்கேயே ஒரு சிறிய வீட்டில் தங்கினார்கள். இரு தரப்பும் ஒத்துக்கொண்டபடி நீதிமன்றம் அவர்களைப் பாதுகாவலராக நியமித்தது. ஓணத்துக்கும் பள்ளி விடுமுறைக்கும் ஆதிரா பெரியப்பா வீட்டுக்குப் போவாள். முதல் முறை அவளை எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்தபோது ஷைலஜா அக்காவும் கூடவே வந்தார். சில நாள் உடன் தங்கி, அவளுக்கு எந்தக் குழம்பு பிடிக்கும், எந்தப் பாட்டுக்குத் தூங்குவாள் என்று அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார்.

இப்போது விருதுநகரில் குடியிருக்கிறோம். அப்பா மிளகாய் வற்றல் மூட்டைகள் அடுக்கும் கிட்டங்கியில் வேலை பார்க்கிறார். நாள் முழுதும் தும்முகிறார். "வெடி தேவலை போலிருக்கே" என்று முணுமுணுப்பார், மறுநாளும் போவார். ஆதிரா பள்ளிக்குப் போகிறாள். சண்டை போடும்போது மலையாளம், சமாதானத்துக்குத் தமிழ். அக்கா இல்லாத வெறுமை தீரவில்லை. அது தீர வேண்டும் என்று நான் அம்மனிடம் கேட்கவும் இல்லை.

உங்களில் யாருக்கேனும் செய்ய வேண்டியதையெல்லாம் செய்து முடித்த பிறகும், போய் நிற்க முடியாத ஓர் இடம் இருக்கலாம். மருத்துவமனையாக இருக்கலாம், நீதிமன்றமாக இருக்கலாம், பேச்சு நின்றுபோன உறவினர் வீடாகவும் இருக்கலாம். அந்த இடத்தின் பெயரைச் சொல்லி அவளைக் கூப்பிடுங்கள். நமக்கு முன்பே அவள் அங்கே போய்ச் சேர்ந்திருப்பாள்.