ரிவர்ஸ் வராத வெள்ளைக் கார்

1. நெல்லுக்கு அடித்த ஹாரன்

உத்திரமேரூர் பக்கம் டவுன் பஸ் ஓட்ட வந்த முதல் நாளே என் பஸ்ஸை நெல் நிறுத்திவிட்டது.

அதற்கு முன்னால் பல வருடம் சென்னையில் சிட்டி பஸ் ஓட்டியவன் நான். ஆட்டோ, பைக், கார் என்று எது குறுக்கே நின்றாலும் பஸ்ஸின் மூக்கை மெல்ல உள்ளே விட்டு, ஹாரனில் கையை வைத்தால் அங்கே வழி கிடைத்துவிடும். மனைவியின் ஊர் இந்தப் பக்கம். அதனால் டிரான்ஸ்பர் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். "கிராமத்து ரூட்டுப்பா, தூங்கிக்கினே ஓட்டலாம்" என்று கூட வேலை பார்த்தவர்கள் பொறாமைப்பட்டு அனுப்பி வைத்தார்கள்.

மாகறல் தாண்டியதும் ரோட்டில் பாதியைக் காணவில்லை. அறுப்பு முடிந்த நேரம். ரோட்டின் ஒரு பாதியில் நெல்லைப் பரப்பிக் காயவைத்திருந்தார்கள். வண்டி ஏறாமலிருக்க ஓரத்தில் வரிசையாகக் கருங்கல், நடுவில் முள் கிளை. குடையைப் பிடித்துக்கொண்டு ஓர் அம்மா காவல் உட்கார்ந்திருந்தார். மிச்சமிருந்த பாதியில் எதிரே ஒரு டிராக்டர் வந்தது. எனக்கு ஒதுங்க இடமில்லை. பழக்கதோஷம், நெல்லைப் பார்த்து ஹாரன் அடித்தேன்.

அந்த அம்மா எழுந்திருக்கக்கூட இல்லை.

"இன்னாத்துக்கு இப்பிடி அடிக்கிற? நெல்லு எய்ந்து ஓரமா போவுமா?"

பஸ் முழுக்கச் சிரித்தது. என் கண்டக்டர் செல்வி அந்த ரூட்டிலேயே பிறந்து வளர்ந்த பெண். டிக்கெட் கிழிப்பதை நிறுத்திவிட்டு முன்னால் வந்தார்.

"டிரைவர்ண்ணா, மெட்ராஸ் ஹாரன்லாம் இங்க செல்லாது. டிராக்டரு போற வரிக்கும் சும்மா குந்துங்க."

உட்கார்ந்தேன். அன்று முதல் நிறையவே உட்கார்ந்திருக்கிறேன். கதிர் அறுக்கும் மிஷின் வந்தால் முழு ரோடும் அதற்குத்தான். ஆட்டு மந்தை வந்தால் கடைசி ஆடு போகும்வரை பேச்சே இல்லை. வாத்து ஓட்டுகிறவர் கையைக் காட்டிவிட்டால், எந்த சிக்னலுக்கும் நிற்காதவன்கூட நின்றுதான் ஆகவேண்டும்.

இதற்கெல்லாம் பழகிவிட்டேன். ஒரு வெள்ளைக் காருக்கு மட்டும் பழக முடியவில்லை.

2. நடு ரோட்டு மனிதர்

புத்தம் புதுக் கார். கண்ணாடியில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் காகிதத்தைக்கூட இன்னும் கிழிக்கவில்லை. ரோட்டின் நட்டநடுவில், மாட்டு வண்டி வேகத்தில், இரண்டு பக்க இண்டிகேட்டரும் மினுக்மினுக்கென்று எரிய வரும். இடது பக்கம் போகிறாரா, வலது பக்கம் போகிறாரா என்று தெரியாது. எந்தப் பக்கமும் போகமாட்டார், நேராகத்தான் வருவார். எதிரே பஸ்ஸைப் பார்த்தால் அங்கேயே நின்றுவிடுவார். நான்தான் மண்ணில் இறங்கி, வேலமரக் கிளையெல்லாம் ஜன்னலில் உரச, அவரைச் சுற்றிப் போகவேண்டும். ஜன்னலோரம் உட்கார்ந்தவர்கள் முள் குத்தி என்னைத்தான் திட்டுவார்கள்.

"யாரும்மா இவரு?" என்று செல்வியிடம் கேட்டேன்.

"தணிகாசலம்னு பேருண்ணா. ஏரிக்கு அந்தாண்ட ஊரு. நெலம் நீச்சு எல்லாம் கீது. இம்மா நாளு டிராக்டருதான் ஓட்டிக்கினு இருந்தாரு. புள்ளைக்குப் பொண்ணு பாக்கறாங்கோ, அதுக்கோசரம் காரு வாங்கிக்கீறாரு."

"ஒரு தபா பின்னால எடுத்தா கொறஞ்சா பூடுவாரு?"

"பெரிய வூட்டுக்காரருண்ணா. பின்னால போனா கௌரவம் பூடும்னு நெனைக்கிறாரோ இன்னாவோ."

அந்தப் பதில் எனக்குள் இருந்த மெட்ராஸ்காரனை நன்றாகச் சீண்டிவிட்டது. ஒரு நாள் இல்லை ஒரு நாள் இந்த மனிதரைப் பின்னால் போகவைக்காமல் விடுவதில்லை என்று மனதுக்குள் முடிவு செய்துகொண்டேன்.

3. ஏரிக்கரை

அந்த ஒரு நாள், ப்ளஸ் டூ பரீட்சை நடந்துகொண்டிருந்த சமயத்தில் வந்தது. காலை டிரிப்பில் பாதி பஸ் பள்ளிக்கூடப் பிள்ளைகள். எல்லோரும் உத்திரமேரூரில் பரீட்சை எழுதப் போகிறவர்கள். வாய்க்குள் முணுமுணுவென்று கெமிஸ்ட்ரி.

ரூட்டில் ஓர் ஏரிக்கரை ரோடு உண்டு. ஒரு பக்கம் தண்ணீர், மறு பக்கம் கழனிச் சரிவு. ஒரு பெரிய வண்டிதான் போகலாம். பஸ் கரைமேல் ஏறிவிட்டால் எதிரே வருகிறவர்கள் மதகுப் பக்கம் இருக்கும் அகலமான இடத்தில் காத்திருப்பார்கள். அன்று நான் கரையில் முக்கால் தூரம் வந்துவிட்டேன். மதகைத் தாண்டி வெள்ளைக் கார் கரைமேல் ஏறியது. லைட்டைப் போட்டுக் காட்டினேன். அவரும் லைட்டைப் போட்டுக் காட்டினார். வணக்கத்துக்குப் பதில் வணக்கம் மாதிரி.

இரண்டு வண்டியும் மூக்கோடு மூக்கு வைத்து நின்றன. எனக்குப் பின்னால் கரும்பு ஏற்றிய டிரெய்லரோடு ஒரு டிராக்டர். நான் நினைத்தாலும் பின்னால் போகமுடியாது. இன்ஜினை நிறுத்தினேன்.

செல்வி இறங்கிப் போய்ப் பணிவாகச் சொன்னார். "அய்யா, கொஞ்சம் பின்னால எடுங்க. மதகாண்ட எடம் கீது."

தணிகாசலம் தலையை மட்டும் அசைத்தார். காரின் இன்ஜின் உறுமியது. கார் ஒரு சாண் முன்னால் வந்தது.

"பின்னால எடுக்கச் சொன்னா முன்னால வராரு பாரு!" என்று ஜன்னலிலிருந்து ஒருவர் கத்தினார்.

மறுபடி உறுமல். மறுபடி ஒரு சாண் முன்னால். இப்போது காரின் பம்பருக்கும் பஸ்ஸுக்கும் நடுவே ஒரு பூசணிக்காய் வைக்கத்தான் இடம் இருந்தது.

"இன்னா திமிரு! கவர்மெண்டு வண்டிய முட்டுவியா?"

பாதிப் பேர் இறங்கிவிட்டார்கள். ஒருவர், நாலு பேர் சேர்ந்து காரை அப்படியே தூக்கி ஏரியில் வைக்கலாம் என்றார். இன்னொருவர், ஏரி வேண்டாம், மீன் குத்தகைக்காரன் சண்டைக்கு வருவான், கழனிப் பக்கம் வைக்கலாம் என்றார். கழனிக்குச் சொந்தக்காரர் கூட்டத்திலேயே இருந்தார், அவர் ஒப்புக்கொள்ளவில்லை. இந்த விவாதத்துக்கு நடுவே ஒரு மாணவி என் சீட்டருகே வந்து நின்றாள். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டிருந்தது.

"அண்ணா, லேட்டாப் போனா கேட்ட சாத்திருவாங்கண்ணா. ஒரு வருசம் பூடும்ணா."

அதற்குமேல் என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு இறங்கினேன். சென்னையில் பத்து ஆட்டோக்காரர்களைச் சமாளித்த வார்த்தைகளையெல்லாம் நாக்கு நுனியில் எடுத்து வைத்துக்கொண்டு கார் ஜன்னலைத் தட்டினேன்.

கண்ணாடி இறங்கியது. உள்ளே ஏசி ஜில்லென்று ஓடியது. ஆனால் தணிகாசலம் குளித்துவிட்டுத் துவட்டாமல் வந்தவர் மாதிரி வேர்த்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி பட்டுப்புடவையில். பின் சீட்டில் ஒரு தம்பதி, மடியில் பூ, பழத் தட்டு. பெண் வீட்டார். மாப்பிள்ளை வீடு பார்க்க வந்தவர்களை பஸ் ஸ்டாண்டிலிருந்து அழைத்துப் போகிறார் என்று புரிந்தது.

"இன்னா சம்மந்தி, இன்னா தகராறு?" என்று பின் சீட்டிலிருந்து பெண்ணின் அப்பா கேட்டார்.

"ஒண்ணியும் இல்ல சம்மந்தி, நம்ம டிரைவருதான்" என்று சிரித்த தணிகாசலம் என் காதருகே தலையை நீட்டினார்.

"டிரைவரே, எனுக்கு ரிவர்ஸ் வராது."

எனக்குச் சரியாகக் காதில் விழவில்லையோ என்று நினைத்தேன்.

"கத்துக்குடுத்தவன் முன்னால போறதுதான் சொல்லிக்குடுத்தான். பின்னால போறதுக்குள்ள அவுனுக்கு துபாய் விசா வந்துட்ச்சு. சத்தம் போடாதப்பா, மானம் பூடும்."

கியரைப் பார்த்தேன். அந்தக் காரில் கியர் நாபுக்குக் கீழே ஒரு வளையம் இருக்கும். அதைத் தூக்கினால்தான் ரிவர்ஸ் விழும். அதைத் தூக்காமல் தள்ளினால் ஃபர்ஸ்ட் கியர். பாவம், அவர் பின்னால் போகத்தான் ஒவ்வொரு முறையும் முயன்றிருக்கிறார். அதைத்தான் ஊரே திமிர் என்று பார்த்துக்கொண்டிருந்தது.

"அப்போ வூட்ல எப்பிடி வண்டியத் திருப்பறீங்க?" என்று நானும் கிசுகிசுத்தேன்.

"முன் வாசல்ல நொயஞ்சி பின் வாசல்ல வருவேன். அதுக்குன்னு மாட்டுக் கொட்டாய இட்ச்சி வயி வுட்டுக்கினேன்."

நாக்கு நுனியில் வைத்திருந்த வார்த்தைகள் எங்கே போயின என்று தெரியவில்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டு நிமிர்ந்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்.

"சார், ஏரிக்கரைமேல பஸ்ஸு நிக்கும்போது எதிர் வண்டிய டிபார்ட்மெண்ட் டிரைவர்தான் எடுக்கணும். ரூலு. மன்னிச்சிக்கோங்க, நீங்க கொஞ்சம் எறங்கித்தான் ஆவணும்."

அப்படி ஒரு ரூல் எந்த ஊரிலும் கிடையாது. தணிகாசலத்தின் முகத்தில் வெளிச்சம் வந்தது. வந்த வேகத்தில் வேஷத்துக்குள் முழுதாக இறங்கிவிட்டார்.

"இன்னா ரூலு? யாரு போட்ட ரூலு? என் காரு, என் கையி! நான் எடுக்கறேன், நீ தள்ளு!"

"சார்…"

"முடியாதுப்பா! சம்மந்திய ஒக்கார வச்சிக்கினு சாவிய ஒருத்தன் கையில குடுப்பனா?"

விட்டால் கரைமேலேயே உண்ணாவிரதம் இருப்பார் போலிருந்தது. குனிந்து, "அய்யா, பசங்களுக்குப் பரீட்ச" என்றேன். உடனே இறங்கிவிட்டார். "பசங்கோன்னதாலதான் எறங்கறேன்" என்று கூட்டத்துக்கு அறிவித்துவிட்டுத்தான் கதவைச் சாத்தினார்.

நான் உட்கார்ந்து, வளையத்தைத் தூக்கி, காரைப் பின்னால் எடுத்தேன். தணிகாசலம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பக்கத்திலேயே நடந்து வந்தார். "வா, வா, வா… ரைட்டுல ஒடி… ஆங், அப்பிடித்தான்!" எனக்கு அவர்தான் டிரைவிங் கற்றுக்கொடுத்தார் என்று பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள். முன் சீட்டில் இருந்த அவர் மனைவி ரோட்டைப் பார்த்தபடியே மெதுவாகச் சொன்னார்.

"கொட்டாய இட்ச்சப்பவே எனுக்குத் தெரியும்பா. சொன்னா மனசு கஷ்டப்படுவாரேன்னு வுட்டுட்டேன்."

மதகுப் பக்கம் காரை ஒதுக்கிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினேன். அதற்குள் எதிரே ஒரு பால் வண்டியும் நாலைந்து பைக்கும் கரைமேல் ஏறப் பார்த்தன. தணிகாசலம் நடுவில் போய் இரண்டு கையையும் விரித்து நின்றுவிட்டார்.

"நில்லுடா! பஸ்ஸு வருது, கண்ணு தெர்ல? பசங்கோ பரீட்சைக்குப் போவுதுங்கோ!"

ஒரு வண்டியும் அசையவில்லை. பஸ் அவரைக் கடந்தபோது பிள்ளைகள் ஜன்னல் வழியாகக் கையை ஆட்டினார்கள். அவரும் ஆட்டினார். அன்று ஸ்டாப்பில் நிறுத்தாமல் நேராகப் பள்ளிக்கூட வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன். வாட்ச்மேன் கேட்டில் கையை வைத்திருந்தார். பிள்ளைகள் குதித்து ஓடினார்கள். கடைசியாக அந்த மாணவி உள்ளே போனதும், செல்வி படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

4. பின்னால் போகும் பயிற்சி

அடுத்த வார லீவு நாளில் தணிகாசலம் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். நடந்துதான் வந்திருந்தார்.

"சம்மந்தம் முடிஞ்சிட்ச்சுப்பா. ரூலுக்குக் கட்டுப்பட்ட மனுசன்னு சம்மந்திக்கு என்மேல ரொம்ப மரியாத. கல்யாணத்துக்குள்ள எனுக்கு ரிவர்ஸ் வந்தாவணும். கத்துக்குடு."

அறுப்பு முடிந்து காய்ந்து கிடந்த அவருடைய கழனியிலேயே ஆரம்பித்தோம். முதல் நாள் வரப்பில் ஏறினார். அடுத்த நாள் வைக்கோல் போரில் நுழைந்தார். அவர் மனைவி வரப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். சிரிப்பு வந்தபோதெல்லாம் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். ஒருநாள் கார் ஒரு கோணலும் இல்லாமல் கழனியின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பின்னாலேயே போனது. இறங்கி வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

பிரச்சினை அதற்குப் பிறகுதான் வந்தது. மனிதருக்கு ரிவர்ஸ் பிடித்துப்போய்விட்டது. இப்போதெல்லாம் ரோடு அகலமாகவே இருந்தாலும் என் பஸ்ஸைத் தூரத்தில் கண்டதும் காரை நிறுத்தி, பின்னால் எடுக்க ஆரம்பித்துவிடுகிறார். அவர் வளைந்து வளைந்து பின்னால் போக, பஸ் அவர் காரின் மூக்கைப் பார்த்தபடியே ஊர்ந்து போகும். முன்பு அவரைச் சுற்றிக்கொண்டாவது போவேன். இப்போது அதற்கும் வழியில்லை. செல்வி தலையில் அடித்துக்கொள்கிறார்.

"கத்துக்குடுத்து பேஜார் பண்ட்டீங்கண்ணா."

புதிதாக டியூட்டியில் சேரும் தம்பிகள் கேட்டால் நான் சொல்வது ஒன்றுதான். எதிரே ஒருவன் வழி விடாமல் நின்றால் திமிர் என்று முதலில் நினைக்காதே. இறங்கிப் போய்க் கேள். பாதிப் பேருக்கு ஒதுங்கத் தெரியாது, மீதிப் பேருக்கு ஒதுங்கப் பயம். இரண்டுக்கும் ஹாரன் மருந்து கிடையாது. நாம் உயரமான சீட்டில் உட்கார்ந்திருப்பதால் கீழே இருப்பவன் முகம் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

போன மாதம் பழையசீவரம் பக்கம் ஸ்பெஷல் டிரிப் போனபோது, ஒரு வாலிபன் நடு ரோட்டில் பைக்கை நிறுத்திவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்திருந்தான். என் கொள்கைப்படி பஸ்ஸை நிறுத்தி, இறங்கி, அருகே போய், "இன்னா தம்பி, வண்டியில எதுனா கோளாறா? ஒடம்பு முடியலையா?" என்று பரிவாகக் கேட்டேன்.

அவன் போனைக் காதிலிருந்து எடுக்காமலே சொன்னான். "இல்லண்ணா. இங்கதான் டவர் கெடைக்குது."

திரும்பி வந்தேன். ஏறி உட்கார்ந்தேன். மனதார ஹாரன் அடித்தேன்.