போறேன் என்று சொல்ல வராதவள்

என் மனைவி வசந்தாமணி ஒரு டாக்டர். ஊசி போடுகிற டாக்டர் இல்லை. இதைச் சான் பிரான்சிஸ்கோ பக்கத்தில் நாங்கள் குடியிருக்கும் பிளசன்டனில் இருக்கும் ஒவ்வொரு தமிழ் வீட்டிலும் விளக்கிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. பொங்கல் விழாவில் சாப்பாட்டு வரிசையில் நின்றால்கூட யாராவது சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு, "ஆன்ட்டி, இந்த அலர்ஜி என்னன்னு கொஞ்சம் பாருங்களேன்" என்று வந்துவிடுவார்கள். அவளும் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, கையைத் திருப்பித் திருப்பிப் பொறுமையாகப் பார்ப்பாள். பார்த்து முடித்துவிட்டு, "ஸ்கின் டாக்டர்கிட்ட காட்டுங்க கண்ணு" என்பாள். அதைப் பார்க்காமலே சொல்லலாம் என்பது என் கட்சி.

உடுமலைப்பேட்டைப் பெண். கோயம்புத்தூரில் நுண்ணுயிரியல் படித்துவிட்டு, இங்கே வந்து ஆராய்ச்சிப் பட்டம் வாங்கினாள். அவள் ஆராய்ந்தது எச்.ஐ.வி. ஆராய்ந்த இடம், கென்யாவின் மேற்கே ஏரிக்கரையில் ஒரு ஊர். எச்.ஐ.வி. உள்ள தாய் மாத்திரையை விடாமல் சாப்பிட்டால், பிள்ளைக்கு அது தொற்றாமலே பெற்று, பாலும் கொடுத்து வளர்க்கலாம். இது இன்றைக்குப் பலருக்கும் தெரிந்ததுதான். ஆனால் அப்படித் தப்பிப் பிறந்த பிள்ளைகளில் சிலருக்கு மற்ற பிள்ளைகளைவிட அடிக்கடி சளியும் காய்ச்சலும் வருகிறதே, அது ஏன்? இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு பத்து வருடம் போய் வந்தாள். அதே தாய்மார்கள், அதே பிள்ளைகள். ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் ரத்தம் எடுத்து, உயரமும் எடையும் பார்த்து, "இந்த வருஷம் காய்ச்சல் வந்ததா?" என்று கேட்டுக் கேட்டு, அந்தப் பிள்ளைகள் இவள் கண் முன்னால் வளர்ந்தார்கள்.

இதெல்லாம் தெரியாத வெங்கடகிருஷ்ணன் என்கிற நல்ல மனிதர் ஒருமுறை என்னைக் கோயில் பார்க்கிங்கில் ஓரங்கட்டினார். "தப்பா நினைக்காதீங்க சார். மேடம் அந்த மாதிரி வேலையில இருக்காங்க. பாட்லக்குக்கு சமைச்சுக் கொண்டு வர்றது... சேஃப்தானே?" என்றார். எனக்கு வந்த கோபத்தில், என்ன பதில் சொன்னேன் என்பதை இங்கே எழுத முடியாது. வீட்டுக்கு வந்து சொன்னால் இவள் விழுந்து விழுந்து சிரிக்கிறாள். அடுத்த வாரமே ஒரு டப்பா நிறைய அரிசிம்பருப்புச் சாதம் செய்து, நெய்யும் ஊற்றி, அவர் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்து, எதிரே உட்கார்ந்து அந்த நோய் எப்படிப் பரவும், எப்படிப் பரவாது என்று விளக்கிவிட்டு வந்தாள். இப்போது ஆளுக்கொன்று சமைத்துக் கொண்டுவரும் எல்லா பாட்லக் விருந்திலும் இரண்டாவது தடவை வாங்கிச் சாப்பிடுவது அவர்தான். நான் இன்னும் அவரை மன்னிக்கவில்லை.

ஒவ்வொரு பயணத்துக்கும் ஏர்போர்ட்டில் இறக்கிவிடுவது என் வேலை. பெட்டியை எடுத்துக்கொண்டு, "போயிட்டு வந்தர்றேனுங்க" என்பாள். எங்கள் பக்கத்தில் யாரும் வாசல் தாண்டும்போது "போறேன்" என்று சொல்லமாட்டோம். குழந்தை தெரியாமல் சொன்னால்கூட வாயில் லேசாகத் தட்டி, "போயிட்டு வர்றேன்னு சொல்லு" என்று திருத்துவார்கள். இது எங்கள் ரத்தத்தில் ஊறியது. அவள் அதைக் கென்யாவுக்கும் எடுத்துக்கொண்டு போனாள் என்பது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

அங்கே கிளினிக்கில் நர்ஸ் அகின்யி அவளுக்கு உயிர்த்தோழி. முதல் பயணத்தின் கடைசி நாளில், விடைபெறும்போது சுவாஹிலியில் என்ன சொல்வது என்று இவள் கேட்டிருக்கிறாள். அகின்யி "குவாஹேரி" என்று சொல்லிக் கொடுத்தாள். இவளுக்கு அது பிடிக்கவில்லை. "அது போறேன்னு சொல்ற மாதிரி இருக்குதுங்க. வாயில வர மாட்டேங்குது" என்றாள் என்னிடம். திரும்பி வருகிறேன் என்பதற்கு என்ன வார்த்தை என்று கேட்டாளாம். "நாருதி" என்றாள் அகின்யி. அன்றிலிருந்து ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு தாயின் கையையும் பிடித்துக்கொண்டு, "நாருதி, நாருதி" என்று சொல்லிவிட்டுத்தான் வண்டி ஏறுவாள். சொன்னபடி வரவும் செய்தாள். அதனால் யாரும் அதில் குற்றம் கண்டுபிடிக்கவில்லை.

போன வருடம் அந்த ஆராய்ச்சிக்கு வந்துகொண்டிருந்த நிதி நின்றுபோனது. இவளுக்கு சவுத் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு மருந்துக் கம்பெனியில் வேலை கிடைத்தது. எனக்குச் சந்தோஷம், அதை மறைப்பானேன்? மலேரியா மாத்திரை, பாதி வழியில் தொலையும் பெட்டி, போன் எடுக்காத நாட்கள், எல்லாம் முடிந்தது என்று ஒரு பாட்டம் மகிழ்ந்தேன். கடைசியாக ஒருமுறை போய் எல்லாவற்றையும் மூடிக் கட்டிவிட்டு வந்தாள்.

பிறகு ஒரு சனிக்கிழமை காலை. நான் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். அகின்யி வீடியோவில் கூப்பிட்டாள். நல்ல செய்திதான். அந்த ஊர் டாக்டர் ஒருவரே பொறுப்பெடுத்து, அதே பிள்ளைகளை வைத்து ஆராய்ச்சியைத் தொடர அனுமதி வாங்கிவிட்டார். ஆனால் தாய்மார்கள் யாரும் சேரவில்லை. மழைக்காலம் தொடங்குவதற்குள் சேராவிட்டால் அனுமதி போய்விடும்.

"ஏன் சேரலை?" என்றாள் இவள்.

"நீ வருவாய் என்று காத்திருக்கிறார்கள்."

"நான் வருவேன்னு யார் சொன்னது?"

"நீதான். போகும்போது ஒவ்வொருவரிடமும் நாருதி என்றாயே."

வசந்தாமணி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அது... ஒரு பேச்சுக்குச் சொல்றதுதானுங்களே" என்றாள் தமிழில். பாவம், அகின்யிக்கு இதில் ஒன்றும் புரியவில்லை. என் தோசை கருகியது.

அடுத்த வாரம் வீடியோவிலேயே பேசிப் பார்த்தாள். பிள்ளைகளோடு நாலைந்து பெண்கள் போனைச் சுற்றி நின்றார்கள். அதில் மூத்தவளை அதியேனோ என்று வைத்துக்கொள்வோம். உண்மைப் பெயரை இவள் எனக்குக்கூட ஒருநாளும் சொன்னதில்லை. அதியேனோ திரையை உற்றுப் பார்த்துவிட்டு, "போன் வந்திருக்கிறது. மணி வரவில்லையே" என்றாளாம். அங்கே இவள் பெயர் மணி.

"போகாதே. புது வேலையில சேர்ற நேரம். அவங்க டாக்டர், அவங்க ஊரு, அவங்களே பேசிப் புரிய வெச்சுக்குவாங்க" என்று நான் சத்தம் போட்டேன்.

"ரத்தம் குடுக்கறது பெத்தவ இஷ்டமுங்க. வேண்டாம்னா வேண்டாம், அது பரவாயில்ல. ஆனா எனக்காகக் காத்திருந்து நின்னு போச்சுன்னா? பத்து வருஷமா எடுத்தது பாதிக் கதையா ஃப்ரீசர்ல கெடக்கும். அந்தப் பிள்ளைங்களுக்கு ஏன் காய்ச்சல் வருதுன்னு தெரியாமலே போயிரும்" என்றாள் வசந்தாமணி.

சோபாவில் படுத்திருந்த எங்கள் மகள் ஓவியா தலையைத் தூக்கினாள். "அப்பா, லெட் ஹர் கோ. ஷி ப்ராமிஸ்ட்."

"ப்ராமிஸ் இல்லடி. நம்ம ஊர்ல சும்மா அப்படித்தான் சொல்லுவோம்."

"தென் ஒய் டஸ் ஷி ஆல்வேஸ் கம் பேக்?"

வசந்தாமணி கம்பெனியில் பேசி, சேரும் நாளைத் தள்ளி வைத்துக்கொண்டாள்.

ஆனால் போய் என்ன சொல்வது? அங்கேதான் சிக்கல். அந்தத் தாய்மார்கள் புது டாக்டரை நம்ப வேண்டுமானால், இனி நான் வரமாட்டேன் என்று இவளே நேரில் சொல்ல வேண்டும். அந்த இன்னொரு வார்த்தையைச் சொல்ல வேண்டும். கிளம்பும்வரை சமையலறையில் பயிற்சி நடந்தது. குக்கரைப் பார்த்து, "குவாஹேரி" என்பாள். கொஞ்சம் நிறுத்துவாள். பிறகு, மெதுவாக, "நாருதி" என்று சேர்த்துக்கொள்வாள். "இப்படிப் பேசினா குக்கரே நம்பாது" என்று நான் கிண்டல் செய்தேன். அவள் சிரிக்கவில்லை. அன்றைக்குத்தான் எனக்கும் பயம் வந்தது.

ஏர்போர்ட்டில் பெட்டியை வாங்கிக்கொண்டு, வழக்கம்போல, "போயிட்டு வந்தர்றேனுங்க" என்றாள்.

திரும்பி வந்தவளை ஏர்போர்ட்டிலிருந்து வீட்டுக்கு அழைத்துவரும்போது சான் மட்டேயோ பாலத்தில் வண்டிகள் நகரவே இல்லை. நடந்ததை அங்கே வைத்துத்தான் சொன்னாள்.

கிளினிக் தாழ்வாரத்தில் எல்லாத் தாய்மார்களும் உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளைகள் இவள் தோள் உயரம் வளர்ந்துவிட்டார்கள். புது டாக்டரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, "இனி இவர்தான். சேர்வதும் சேராததும் உங்கள் இஷ்டம். எனக்காகக் காத்திருக்க வேண்டாம். நான் இனி வரமாட்டேன்" என்று சொல்லியிருக்கிறாள். சொல்லிவிட்டு, "குவாஹேரி" என்றாள். அதோடு நிறுத்தினாள். கூடச் சேர்த்துச் சொல்ல நாக்கு துடித்ததாம். பல்லைக் கடித்துக்கொண்டாளாம்.

பிறகு அதியேனோ எழுந்தாள். "வருகிறேன் என்றாய், வந்தாய். இப்போது வரமாட்டேன் என்கிறாய். அதையும் நம்புகிறோம்" என்றாள். தன் மகனை அழைத்து, புது டாக்டருக்கு முன்னால் நாற்காலியில் உட்காரவைத்து, அவன் சட்டைக் கையை அவளே சுருட்டிவிட்டாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் ஒவ்வொருவராக எழுந்து வந்தார்கள்.

இதைச் சொல்லி முடித்துவிட்டு வசந்தாமணி அழுதாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். இவளை எவ்வளவு பிடிக்கும் எனக்கு என்று அந்த நெரிசலில் நினைத்துக்கொண்டேன். பின்னால் ஒருத்தன் ஹாரன் அடித்தான். அவனைத் திட்டினேன்.

பாலம் தாண்டியதும் அவள் மெதுவாக, "ஒண்ணு சொன்னா திட்டக் கூடாது" என்றாள்.

"என்ன?"

"அங்க ஏர்போர்ட்ல அகின்யி கட்டிப்பிடிச்சு அழுதா. அவளை விட்டுட்டு உள்ள போறப்ப, வாய் தவறி..."

"நாருதின்னு சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேனுங்க. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சிரிச்சா. ஆனா அவ காதுல விழுந்திருச்சே."

மலேரியா மாத்திரையும் தொலையும் பெட்டியும் எனக்கு ஒருமுறை கண் முன்னால் வந்துபோயின. சிக்னல் பச்சை ஆனது.

"அப்ப போய்த்தானே ஆகணும்" என்றேன். "இந்தத் தடவை ரெண்டு டிக்கெட்டாப் போடு."