முகத்துவாரத்தில் அண்ணன் தொட்ட திரை

எச்சரிக்கைச் சத்தத்தை நிறுத்திவிட்டுக் கடலுக்குப் போய்த்தான் என் அண்ணன் செத்தான் என்று எங்கள் குப்பம் பேசியது. அது பொய்.

படகில் காற்று எச்சரிக்கைப் பெட்டி ஒன்று உண்டு. அதற்குள் ஓடும் ஆபரேட்டிங் சிஸ்டத்தைச் செய்யும் கம்பெனியில்தான் எனக்கு வேலை. மீஞ்சூரில் ரயிலேறி சென்னைக்குப் போய் வருகிறேன். ஏரியில் எங்களுக்குப் பாடு வரும் நாளில், அதாவது வலை விடும் முறை வரும் நாளில், அண்ணன் முந்தின ராத்திரியே பெட்டியின் சத்தத்தை நிறுத்தி, அணைத்து வைத்திருப்பான். அது சின்னக் காற்றுக்கும் கத்தும்.

"இன்னாமே, உன் டப்பா கத்துனா இறாலு பூரா ஆந்திராவுக்கு ஓடிப்பூடும்" என்பான்.

பாடு முடிந்து அப்படியே கடலுக்குப் போனால், ஏரி கடலோடு சேரும் முகத்துவாரம் தாண்டும்போது திரையைத் தொட்டுச் சத்தத்தை மறுபடி வைப்பான். எங்கள் ஆட்கள் எல்லோரும் அப்படித்தான்.

அன்று காற்றில் படகு கவிழ்ந்தது. உடன் போனவர் கேனைப் பிடித்து மிதந்து பிழைத்தார். "முகத்துவாரத்துல வெச்சாரு, நான் பாத்தேன்" என்றார். வைத்திருந்தால் கத்தியிருக்குமே என்று ஊர் அவர் வாயை அடைத்தது.

அண்ணி என்னிடம் ஒன்றுதான் கேட்டார். "அவரு வெச்சாரா, இல்லியா? நீதான சொல்லணும்?"

ஆபீசில் அதே மாதிரிப் பெட்டியை எடுத்தேன். சத்தத்தை நிறுத்தினேன், அண்ணனைப் போலவே அணைத்துப் போட்டேன், சத்தத்தை மறுபடி வைத்தேன், பொய்யாக ஒரு எச்சரிக்கை அனுப்பினேன். திரையில் சிவப்பு எழுத்து வந்தது. சத்தம் வரவில்லை. வலை இழுக்கிறவன் திரையையா பார்ப்பான்?

காரணம் கேவலமானது. பெட்டிக்குள் பல சர்வீஸ்கள், அதாவது தனித்தனியாக ஓடும் சின்ன நிரல்கள்; எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரே செட்டிங்ஸ் கோப்பு. திரையின் சர்வீஸ் மாற்றத்தை அதில் எழுதும். சத்தம் போடும் சர்வீஸோ, தான் எழும்பும்போது ஒரு தடவை படித்ததோடு சரி. பிறகு கோப்பில் என்ன மாறினாலும் அதற்குத் தெரியாது. அன்று அண்ணன் பெட்டியைப் போட்டபோது அது படித்தது 'சத்தம் வேண்டாம்' என்பதை.

"மாத்தினா ரீஸ்டார்ட் பண்ணணும்னு மேனுவல்ல போட்டிருக்கோமேம்மா" என்றார் மேனேஜர்.

"அலை வாயில நின்னு நீங்க மேனுவல் படிப்பீங்களா சார்?" என்றேன்.

நான் வரைந்து கொடுத்த முறை எளிது. கோப்பை ஒரே ஒரு சர்வீஸ்தான் வைத்திருக்கும். மற்றவை அதனிடம்தான் கேட்க வேண்டும். ஏதாவது மாறினால் அது எல்லோருக்கும் சொல்லும். சத்தம் போடும் சர்வீஸ் 'சரி' என்று பதில் சொன்ன பிறகுதான் திரை 'சத்தம் உண்டு' என்று காட்டும். ஏரியில் பாடு விடும்போதுகூட, யாருடைய முறை என்று போன தடவை கேட்டதை நம்பி இந்தத் தடவை வலை விட்டால் ஊர் சும்மா விடாது.

ஒத்துக்கொண்டார்கள். பழைய பெட்டிகளிலும் போட்டார்கள். நல்ல டிசைன் என்று ஒருவர் கை கொடுத்தார். அந்தக் கையைக் கடித்துவிடலாம் போலிருந்தது.

"அவரு வெச்சாரு அண்ணி. டப்பாதான் கேக்கல" என்றேன்.

காய்ந்த மீனைக் கூடையில் அள்ளிக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை. "என்னாண்ட மட்டும் சொல்லிட்டு ரயிலேறாத. வலைக்கூடத்தாண்ட வந்து சொல்லு."

மாற்றாத பெட்டி ஒன்றைக் கொண்டுபோய், வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் முன்னால் செய்து காட்டினேன். சிவப்பு எழுத்து வந்தது. பெட்டி ஊமையாக இருந்தது. பிறகு ஒருவர் கேட்டார், "அப்போ எங்க படகுல கீறது?"

"அண்ணனுக்கப்புறம் அதெல்லாம் மாத்தியாச்சு" என்றேன்.

அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து போனார்.