அலமாரிக்குப் பின்னால் விழுந்த கடிதம்

பழைய தபால் நிலையத்தை ஊர் அருங்காட்சியகமாக்கி ஒரு மாதம் ஆகிறது. ஊரே பார்த்துவிட்டது. அங்கே முப்பத்தெட்டு வருடம் தபால்காரராக இருந்த மனிதர் மட்டும் எட்டிப் பார்க்கவில்லை. முட்டிவலி, தலைச்சுற்றல் என்று தினம் ஒரு சாக்கு. கடைசியில் மனைவி விடாப்பிடியாக இழுத்து வந்துவிட்டாள்.

முட்டிக்கு ஒரு கேடும் இல்லை. கடிதம் பிரிக்கும் அலமாரியை நகர்த்தியபோது பின்னால் பிரிக்காத உறை ஒன்று கிடைத்ததாகப் பத்திரிகையில் வந்தது. யாருக்கு வந்தது என்று போடவில்லை. அன்றிலிருந்து மனிதருக்கு இருப்புக் கொள்ளவில்லை.

அது எந்த உறை என்று அவருக்கா தெரியாது! இவர்கள் கல்யாணம் நிச்சயமான வாரம், மனைவிக்கு வெளியூர் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியிலிருந்து வந்தது. இடம் கிடைத்தால் இரண்டு வருடம் போய்விடுவாளே என்று பயந்து, கிடைத்திருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டார். கொடுக்க முடியாத கடிதத்தின் பின்பக்கம் காரணம் எழுதிச் சுருக்கொப்பம் போடுவது தபால்காரர் வழக்கம். "வீடு பூட்டியிருந்தது" என்று எழுதி, அலமாரியின் அடித்தட்டில் செருகினார். கல்யாணம் முடிந்ததும் கொடுத்துவிடலாம் என்று நினைப்பு. பிறகு தேடினால் காணோம். அவளோ, பதிலே வராததால், "எனக்கு மார்க் பத்தல" என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஒன்றும் தெரியாத பிள்ளைபோல் அதையும் கேட்டுக்கொண்டிருந்தாரே, அதைத்தான் அவராலேயே மன்னிக்க முடியவில்லை.

"போதும், கெளம்பலாம்," என்றார், எடைத் தராசைக்கூடத் தாண்டாமல்.

"வந்து பத்து நிமிஷம் ஆகல. என்ன அவசரம்?"

அவள் நகர்ந்ததும் முந்திப் போய், அந்த உறை இருந்த நடுக்கூடத்துக் கண்ணாடிப் பெட்டியை முதுகால் மறைத்துக்கொண்டு நின்றார். அவர் தோளைப் பிடித்துத் தள்ளிவிட்டு அவள் குனிந்தாள்.

"இது என் பேரு. எங்கப்பா வீட்டு விலாசம்."

சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனாள். கண்ணாடிக்கு அப்பால் அவள் உதடு அசைந்தது.

"வீடு பூட்டியிருந்துச்சா? அப்பா படுத்த படுக்கையாக் கெடந்த வருஷம். அந்தக் கதவு ஒருநாளும் பூட்டினதில்லையே."

அருங்காட்சியகப் பொறுப்பாளர் பெண் பக்கத்தில் வந்தாள். "அந்தச் சுருக்கொப்பம் யாருதுன்னு உங்களுக்குத் தெரியுமா, ஐயா?"

"என்னுதுதாம்மா."

மனைவி கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "உள்ள என்ன இருக்குன்னு தெரியுமா?" என்று கேட்டாள்.

"தெரியாது. பிரிக்கல."

"அது வேறயா."

பொறுப்பாளர் தயங்கித் தயங்கிச் சாவி எடுத்து வந்து, பெட்டியைத் திறந்து, உறையை நீட்டினாள். மனைவி கையை நீட்டவில்லை.

"அவர்கிட்ட குடும்மா. கொண்டாந்து குடுக்கவேண்டியது அவர் வேலை."

நாலே எட்டு தூரம். கொண்டுபோய்க் கொடுத்தார்.

"குடுத்தாச்சுல்ல? வெளிய போய் நில்லுங்க. நான் படிக்கணும்."

வாசலில் போய் நின்றார். உள்ளே உறை கிழிபடும் சத்தம் கேட்டது. அவளுக்கு இடம் கிடைத்திருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டார், இரண்டாம் தடவையாக.