தெரியாது என்று சொன்ன ஆலிமா

வில்லியனூர்ப் பக்கம் எங்கள் சிறிய மதரஸாவின் மாடிப்படியில் மகளுக்காகக் காத்திருந்தபோது, உள்ளிருந்து அவள் குரல் கேட்டது. என் கணவர் விழுப்புரம் சாலை விபத்தில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் இறந்த நாளிலிருந்து, ஏழு வயதுப் பெண் வீட்டில் வாயே திறக்கவில்லை. இங்கேதான் முதன்முதலாகப் பேசினாள். "ஆஸ்பத்திரியில அத்தாவுக்காக அல்ஹம்து சூரா ஓதறப்ப நான் தப்பு பண்ணிட்டேன் ஆலிமா. அதான் அவரு மவுத்தாப்பூட்டாரு."

இதையா அந்தக் குழந்தை சுமந்துகொண்டிருந்தாள்?

ஆலிமா மிகவும் சின்னப் பெண். ஓதச் சொல்லிக்கொடுப்பதோடு நிற்காமல், பிள்ளைகளைக் கேள்வி கேட்கவும் பழக்கிக்கொண்டிருந்தார். "அது உனக்கு எப்படிம்மா தெரியும்?" என்று மெதுவாகக் கேட்டார்.

"அல்லா கோவிச்சிக்கினான்" என்றது இன்னொரு பிள்ளை.

"உங்கிட்ட சொன்னானா? திக்கித் திக்கி ஓதறவங்களுக்கு ரெண்டு நன்மைன்னுதானே படிச்சோம். தப்பா ஓதினா அத்தாவை எடுத்துக்குவான்னு எங்கனா படிச்சோமா?"

"இல்ல. அப்ப ஏன் பூட்டாரு?" என்றாள் மகள்.

"எனக்குத் தெரியாதும்மா. அல்லாவுக்குத்தான் தெரியும். தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி சொன்னா அதான் பாவம்."

அன்று வீடு வரும்வரை மகள் பேச்சை நிறுத்தவில்லை. ஆனால் மற்றப் பிள்ளைகளும் வீட்டில் பெரியவர்களை 'அது உங்களுக்கு எப்படித் தெரியும்' என்று கேட்கத் தொடங்கியபோது ஜமாஅத்துக்குப் புகார் போனது. மார்க்க விஷயத்தில் தெரியாது என்று சொல்பவர் ஆலிமாவா என்றார்கள். நான் பள்ளிவாசல் நிர்வாகியான முத்தவல்லி வீட்டுக்கு ஓடி, நடந்ததைச் சொல்லி அழுதேன். அவர் கண்ணும் கலங்கியது.

"நல்ல பொண்ணுதாம்மா, இல்லன்னு சொல்லல. இந்த வயசுலயே சந்தேகம் வந்தா நாளைக்கு யாரு பொறுப்பு?"

"என் புள்ளைக்கு உசுரு குடுத்தது அவங்கதான் மாமா."

அடுத்த வாரமே ஆலிமாவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அவர் கடலூரில் உள்ள தாய்வீட்டுக்குப் போய்விட்டார். புதிதாக வந்தவர் கண்டிப்பானவர். பிழையில்லாமல் ஓத வேண்டும், இடையில் கேள்வி கேட்கக்கூடாது. பெற்றோருக்கு நிம்மதி.

இப்போது ஆஸ்பத்திரிக் கட்டிலில் நான் கிடக்கிறேன். நாளை ஆபரேஷன். வளர்ந்துவிட்ட மகள் பக்கத்தில் உட்கார்ந்து காலையிலிருந்து ஓதுகிறாள். சாப்பிடவில்லை. நா வறண்டு எங்கோ ஓர் எழுத்து தடுக்குகிறது, நிறுத்துகிறாள்.

"போதும்டி, ஒரு வாய் சாப்புடு."

"தப்பாயிடுச்சும்மா. முதல்லேர்ந்து ஓதணும்."

"தப்பானா இன்னாடி ஆயிடும்? யாரு சொன்னா?"

பயந்துபோய் என் வாயைப் பொத்தினாள். "அதெல்லாம் கேக்கக் கூடாதும்மா."

நான் திரும்பி வராவிட்டால் இவள் யாரைக் குற்றம் சொல்வாள் என்று எனக்குத் தெரியும். கையை எடுக்காமலே மறுபடியும் ஓதத் தொடங்கினாள்.